சனியைத் தாண்டிய சந்திரன்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமை டாக்டருக்கு அவளைவிடப் பத்து வயதாவது கூடுதலாக இருக்கும். அவருக்கும் அவள் அக்காதான். கையில் நரம்பு கிடைக்காத நோயாளி என்றால் எந்த வார்டிலிருந்தும் அவளுக்குத்தான் ஆள் வரும். குத்தினதே தெரியவில்லை என்று நோயாளி ஆச்சரியப்பட்டால், "அப்ப இன்னொரு தடவை குத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிட்டுப் போவாள்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவள் வேறு ஆள். வீட்டின் முன்னறையில் மேசையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜாதகம் பார்ப்பாள். அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்புவது அவர் வேலை. "காலையில ரத்தம், மத்தியானம் கட்டம். ரெண்டுலயும் என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்று காத்திருப்பவர்களிடம் ஊருக்கே கேட்கும் குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் ரகசியம் பேசினாலும் அப்படித்தான்.

ஜோதிடத்தின் மேல் ஆசைப்பட்டு அவள் அதைக் கற்கவில்லை. கல்யாணத் தரகர் சொன்ன ஒரு வார்த்தையைச் சரிபார்ப்பதற்காகக் கற்றாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வரன் வந்தது. பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் இருவரையும் பின்பக்க வராந்தாவில் உட்கார வைத்தார்கள். அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டான். ரத்த அணுக்களை எண்ணுவேன் என்றாள் இவள்.

"எண்ணிட்டு இருக்கும்போது யாராவது கூப்பிட்டா?"

"மறுபடி முதல்லேருந்து எண்ணணும்."

"நானா இருந்தா குத்துமதிப்பா ஒரு நம்பரைப் போட்டுட்டு எழுந்துடுவேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மெல்லிய குரல், நெற்றியில் விழுந்த ஈர முடி. வேலை என்றதும் சம்பளம் எவ்வளவு, இரவு ஷிஃப்ட் உண்டா என்று கேட்டவர்களைத்தான் அவள் அதுவரை பார்த்திருந்தாள். எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் தரகர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார். "பையனுக்குப் பொண்ணை ரொம்பப் பிடிச்சுப் போச்சாம். ஆனா அவன் ஜாதகத்துல ஏழாம் இடத்துல சனியும் சந்திரனும் சேர்ந்து உக்காந்திருக்காம். உங்க பொண்ணு ஜாதகத்துக்கு அது ஆகாதுன்னு அவங்க ஜோசியர் கண்டிப்பா சொல்லிட்டாராம். பாவம், பையன் சரியா சாப்பிடக்கூட இல்லையாம்."

அப்பா வருத்தப்பட்டார். அப்போது உயிரோடிருந்த அம்மா, போனால் போகிறது என்றாள். இவளுக்கு மட்டும் போகவில்லை. பிடித்துப் போனவன், சாப்பிடாமல் இருக்கிறவன், நடுவில் இரண்டு கிரகங்கள். எதிரி யாரென்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. மாலை நேர ஜோதிட வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். அங்கே எல்லோரும் பணம் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள். இவள் முதல் நாளே கையைத் தூக்கி, சனியும் சந்திரனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

சந்திரன் என்றால் மனம். சனி என்றால் பாரம், தாமதம். இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தால் மனம் எதையும் சட்டென்று இறக்கி வைக்காது; தொடங்கிய காரியம் நின்று, மறுபடி தொடங்கும்; கல்யாணத்துக்கான ஏழாம் இடத்தில் இருந்துவிட்டால் இன்னும் சிக்கல். இதெல்லாம் ஆரம்பப் பாடம். மேலே போகப் போக, ஒரே கட்டத்தில் இருப்பதாலேயே இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பதாக அர்த்தமில்லை என்று தெரிந்தது. ஒரே அறையில் இருப்பவர்கள் எல்லாம் பேசிக்கொண்டா இருக்கிறார்கள்? எத்தனையாவது பாகையில் இருக்கின்றன, வேகமாக ஓடும் சந்திரன் சனியை நோக்கி வருகிறதா, தாண்டிப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

அவன் ஜாதகம் அவளுக்கு மனப்பாடம். மீன லக்னம், நேர் எதிரே கன்னியில் அந்த இரண்டும். பிறந்த நேரத்தை வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டாள். சந்திரன் சனியைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அந்த ஜோசியர் கட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறார். பாகை பார்க்கவில்லை. வழக்கில் ஜெயித்த மாதிரி எழுந்து நின்றாள். தீர்ப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இடம் இல்லை. அவர்கள் எங்கோ வீடு மாறிப் போயிருந்தார்கள். தரகரும் தொழிலை விட்டுவிட்டார்.

அதன் பிறகும் வரன்கள் வந்தன. ஒருவருக்கு மீசை பெரிது என்றாள். இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொண்டே இருக்கிறார் என்றாள். அம்மா இருந்தவரை சண்டை போட்டாள். அப்பா ஒருமுறை, "உனக்கு யாரைம்மா பிடிக்கும்?" என்று நேராகக் கேட்டார். காது கேட்காதவரிடம் அதைக் கத்திச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. காலம் போனது. அக்கம்பக்கத்தில் அவள் ஜாதகம் பார்ப்பது தெரிந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஒரு பெண் வந்தாள். சிவப்பு எழுத்தில் 'எல்' போட்ட காரை வாசலில் ஏற்றி நிறுத்திவிட்டு, உட்காருவதற்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிட்டாள். பக்கத்து இருக்கையில் புதிதாக ஓட்டக் கற்கும் ஆள் இருப்பது போன்ற பேச்சு.

"தம்பி ஜாதகம் மேடம். இப்படித் திருப்பிப் பாருங்க, பெருசா தெரியும். ரெண்டாவது கல்யாணத்துக்குப் பாக்கறோம். பள்ளிக்கூட நூலகத்துல வேலை பாக்கற ஒரு பொண்ணு, நல்ல இடம். இவன்தான் பிடி கொடுக்க மாட்டேங்கறான். நேரம் நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஃபோன் திரையில் மீன லக்னம். எதிரே கன்னியில், சிறிய எழுத்தில், சனி, சந்.

லேப் அக்கா ஃபோனை மேசையில் வைத்தாள். பிறந்த தேதியைக் கேட்டாள். கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

"இந்தச் சேர்க்கையைப் பத்தி முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா?" என்றாள்.

வந்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். "அதை ஏன் கேக்கறீங்க! எங்களுக்கு அதுதான் ரிவர்ஸ் கியர் அப்ப. இவன் கூட நீந்தற ஒரு பொண்ணை மனசுல வெச்சிட்டு, வீட்டுல சொல்லத் தைரியம் இல்லாம இருந்தான். அம்மா பொண்ணு பாக்கக் கிளப்பினா, ஆட்டுக்குட்டி மாதிரி கூடவே போவான். திரும்பி வந்து என் ரூம்ல உக்காந்து அழுவான். நான்தான் தரகருக்குச் சொல்லி அனுப்புவேன், சனி சந்திரன் சேர்ந்திருக்கு, ஜோசியர் வேண்டாங்கறாருன்னு. உண்மையில எந்த ஜோசியர்கிட்டயும் நாங்க போகவே இல்ல. கடைசியில அந்த நீச்சல் பொண்ணையேதான் கட்டிக்கிட்டான்."

"ஓ."

"பொண்ணு வீட்டுக்காரங்க மனசு நோகக் கூடாதுல்ல? அதனால பையனுக்கு ரொம்பப் பிடிச்சிருந்ததுன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக்குவேன்."

"சாப்பிடவே இல்லைன்னும் சொல்லுவீங்களா?"

"ஆமா!" என்று கண்ணை விரித்தாள் அவள். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அதுவும் ஜாதகத்துல தெரியுமா?"

"எல்லா வீட்டுலயும் சொல்றதுதானே" என்றாள் லேப் அக்கா.

சன்னலுக்கு வெளியே யாரோ பழைய அலமாரி ஒன்றைக் கைவண்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிறு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கட்டி முடிக்கும்வரை அவள் அதையே பார்த்தாள். பிறகு திரும்பி, தனக்கே புதிதாக ஒரு விதியைச் சொன்னாள்.

"இந்தச் சேர்க்கைக்கு ஆளைப் பாக்காம நான் பலன் சொல்றதில்லை. அவரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்க. தனியா."

அந்த வாரம் முழுவதும் அவளுக்குக் கோபமே வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்துப் பார்த்தாள். வந்தது வெட்கம்தான். இல்லாத ஜோசியரோடு இத்தனை காலம் வாதாடியிருக்கிறாள். சமையலறையில் பாத்திரம் துலக்கும்போது அதை நினைத்து, காது மந்தமான அப்பாவுக்கே கேட்கும்படி சிரித்துவிட்டாள்; அவர், "யாரு வந்திருக்கா?" என்று கூடத்திலிருந்து கேட்டார். அவள் எதிர்பார்த்தபடி ஏக்கம் மட்டும் போய்விடவில்லை. காரணம் பொய் என்று தெரிந்த பிறகும் அது தன் பாட்டுக்கு இருந்தது, வாடகைக்கு வந்தவர் வீடு சொந்தமில்லை என்று தெரிந்தும் காலி செய்யாமல் இருப்பது போல.

சனிக்கிழமை உடுத்தியிருந்ததை இரண்டு முறை மாற்றிவிட்டு, கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் உடையிலேயே வந்து உட்கார்ந்தாள்.

அவர் வந்தார். அவன் என்று நினைத்தே பழகியவளுக்கு, கதவில் நின்றவரைப் பார்த்ததும் அவர் என்றுதான் வந்தது. நீச்சல் பயிற்சியாளர். நீச்சல் குளத்துத் தண்ணீரில் போடும் மருந்தின் வாசனை அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. நெற்றி ஏறிவிட்டது. குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திக் கத்திக் குரல் கட்டையாகியிருந்தது. அவர் பேசுவது அப்பாவுக்கு முதல் தடவையிலேயே கேட்டதில் அப்பாவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

"அக்கா தொல்லை தாங்கலைங்க. அதான் வந்தேன்" என்றார் அவர், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து. இவள் முகத்தை நேராகப் பார்த்தார். ஒன்றும் நிகழவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்ப்பது போன்ற மரியாதையான பார்வை.

"ஜாதகத்துல நம்பிக்கை உண்டா?"

"முன்னாடி இல்ல. இப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "என் மனைவி என்னை விட்டுப் போயிட்டா. வெளிநாட்டுல வேலை கிடைச்சுது. நான் கூடப் போகல, அவ திரும்பி வரல. சண்டை கிண்டை எதுவும் இல்லை. அது இந்தச் சேர்க்கையாலயா? சின்ன வயசுல அதைச் சாக்கா வெச்சு எத்தனையோ பேரை வேண்டாம்னு சொன்னோம். கடைசியில நிஜமாவே பலிச்சிடுச்சோன்னு ஒரு பயம்."

இவள் கட்டத்தைப் பார்ப்பது போலக் குனிந்தாள். இத்தனை காலம் தயாராக வைத்திருந்த வாதம் முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. பாகை, சந்திரனின் வேகம், எல்லாம். சொன்னாள். சந்திரன் சனியைத் தாண்டிவிட்டது, பயப்படும்படியான சேர்க்கை இது இல்லை, யாரும் போனதற்கு இது காரணமாகாது என்று நிதானமாக விளக்கினாள். குரல் பிசகவில்லை. அவர் கவனமாகக் கேட்டார், தலையாட்டினார், பிறகு ஒரு சின்னச் சந்தேகம் கேட்டார்.

"தாண்டிடுச்சுன்னா, அப்புறம் எனக்கு ஏன் விட மாட்டேங்குது?"

"என்ன விட மாட்டேங்குது?"

"ராத்திரி குளத்தைப் பூட்டும்போது இப்பவும் ரெண்டு துண்டு எடுத்து வெச்சிடறேன். அவளுக்கு ஒண்ணு." சொல்லும்போது அந்தக் கட்டைக் குரல் இறங்கிவிட்டது. இறங்கியதும், அது பின்பக்க வராந்தாவில் கேட்ட மெல்லிய குரலாகவே இருந்தது. "அந்த நூலகத்துப் பொண்ணு நல்லவங்க. பேசிப் பாத்தேன். அவங்க பேசிட்டு இருக்கும்போது நான் வேற ஒருத்தியோட பேச்சைக் கேட்டுட்டு இருக்கேன். இது தப்பில்லையா?"

எதிரில் இருப்பவர் இன்னொருத்திக்காக ஏங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஏக்கத்தின் ஒவ்வொரு மூலையும் அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. இந்த நிலையில் வேறு கல்யாணம் வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்பதுதான் சரியான பதில். யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்தப் பதிலில் தனக்கும் ஒரு லாபம் ஒளிந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் மாதிரியில் வேறு ஏதாவது கலந்துவிட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக எடுக்கச் சொல்லுவாள். இங்கே எதைக் கொட்டுவது?

"இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுங்க" என்றாள்.

"ஏன்?"

"நீங்க பாக்கப் போய் வேண்டாம்னு சொன்ன வீடுகள்ல எங்க வீடும் ஒண்ணு."

அவர் நெற்றியைச் சுருக்கி, நினைவுபடுத்திக்கொள்ள நிஜமாகவே முயன்று பார்த்தார். அந்த முயற்சியைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"பச்சை கேட் போட்ட வீடா? வாசல்ல நாய்?"

"எங்க வீட்டுல நாய் இருந்ததே இல்ல."

"வீணை வாசிச்சீங்களே?"

"இல்லைங்க. அது வேற யாரோ."

"மன்னிச்சிடுங்க" என்றார் அவர். காது மடல் சிவந்துவிட்டது. "சுத்தமா ஞாபகம் இல்ல. நான் அப்ப தரையைத் தவிர வேற எதையும் பாக்கலை."

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள் அவள். அதிலேயே அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும்; சுவரில் கல்யாணப் படம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது போல அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நீங்க கல்யாணம்...?"

"பண்ணிக்கல."

"எங்களாலயா?"

அவள் யோசித்தாள். ஆம் என்று சொல்லிவிடலாம். அவர் ஆயுசுக்கும் சுமந்துகொண்டு திரிவார், அந்த அளவுக்காவது அவர் மனதில் இடம் கிடைக்கும். "இல்ல" என்றாள். "நீங்க சொல்லி அனுப்பினது ஒரு வரி. மிச்சத்தை எல்லாம் நான்தான் சேர்த்துக்கிட்டேன்."

அவர் போகும்போது வாசல்வரை போய்த் திரும்பி வந்து ஏதோ சொல்ல நினைத்து, அப்பாவிடம் மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அன்று மீதிப் பேரை அவள் பார்க்கவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பச் சொன்னாள். அப்பா, "மெஷின் ரிப்பேர், எல்லாரும் அடுத்த வாரம் வாங்க" என்று அறிவித்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வந்துபோனவருக்காக அழவில்லை. நெற்றியில் ஈர முடி விழுந்த ஒரு பையன், சாப்பிடாமல், எங்கோ ஒரு வீட்டில் அவளுக்காகச் சோர்ந்து உட்கார்ந்திருந்தான் இத்தனை காலமும். அவனை இனிமேல் எங்கே போய்த் தேடுவது?

மூன்று நாள் கழித்து டிரைவிங் ஸ்கூல்காரி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். ரத்தம் கொடுக்க வந்தவர்களின் வரிசையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றவளைப் பார்த்து, திட்டு வாங்கத் தயாரானாள் லேப் அக்கா. அவளோ கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி எல்லாம் சொன்னான். அந்த நூலகத்துப் பொண்ணு வீட்டுக்கு அவனே நேர்ல போய், ஜாதகம் எல்லாம் சரியாத்தான் இருக்கு, எனக்குத்தான் இன்னும் மனசு வரலைன்னு சொல்லிட்டு வந்துட்டான். அவங்க கோபப்படலையாம். டீ கொடுத்து அனுப்பினாங்களாம். நான் என்ன மேடம் செஞ்சு வெச்சிருக்கேன் உங்களுக்கு? ஒரு வார்த்தை நல்லா இருக்கட்டுமேன்னுதான்..."

"வந்ததுதான் வந்தீங்க, சர்க்கரை பாத்துடலாம், கையை நீட்டுங்க" என்றாள் லேப் அக்கா.

அதற்கப்புறம் பொருத்தம் பார்க்க வருகிறவர்களிடம் அவள் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுவாள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லி அனுப்புங்கள், என் பேரையோ சந்திரன் பேரையோ இழுக்காதீர்கள் என்பாள். சிலர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். வேறு ஜோசியர்களா இல்லை?

நீச்சல்காரர் ஒரு மாதம் கழித்துத் தானாகவே வந்தார், எல்லோரும் போன பிறகு. ஜாதகம் கொண்டு வரவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை, அக்காவிடம் பேசினால் அவள்தான் பேசுகிறாள் என்றார். மனைவியைப் பற்றிப் பேசினார். அவள் தண்ணீரில் திரும்பும் விதம், கோபம் வந்தால் பூட்டு சாவியை எல்லாம் ஒளித்து வைப்பது. இவள் கேட்டாள். அடுத்த வாரமும் வந்தார். அப்பா அவருக்காக ஒரு நாற்காலியைக் கூடத்தில் தனியாகப் போட்டு வைக்கத் தொடங்கினார். லிஃப்ட் கயிறு அறுந்த கதைகளைக் குரலெடுத்துப் பேச அப்பாவுக்கும் ஆள் கிடைத்தது.

ஆசைப்பட்டவர் வாரா வாரம் எதிரில் வந்து உட்கார்ந்து வேறு ஒருத்தியைப் பற்றியே பேசுவது சுலபமாக இல்லை. சில சனிக்கிழமைகளில், இன்று வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து டீக்கு அடுப்பு பற்ற வைப்பாள். அந்தப் பின்பக்க வராந்தா அவருக்குக் கடைசிவரை ஞாபகம் வரவில்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். அவர் பயிற்சி கொடுக்கும் குழந்தைகளின் பட்டப்பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த போலீஸ்காரரைப் பற்றி அவள் சொன்ன கதையை அவர் தன் நண்பர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை நல்ல மழை. அவர் நனைந்துகொண்டே வந்தார், வெகுநேரம் இருந்தார். குளத்துக்குப் புதுக் கூரை போடுவது பற்றி, முழங்கால் வலி பற்றி, தண்ணீரைக் கண்டால் பயந்த ஒரு பாட்டு வாத்தியார் நேற்று முதல் முறையாக மிதந்தது பற்றிப் பேசினார். மிதந்தபடியே அவர் பாட ஆரம்பித்துவிட்டாராம். மழை விட்டதும் குடை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் பாதி வழியில் நின்றாள். அவர் இன்று மனைவியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

ஒருவேளை மறந்திருக்கலாம். மழையாக இருக்கலாம். அடுத்த வாரம் இரண்டு மடங்காகப் பேசினாலும் பேசுவார்.

"என்னம்மா நின்னுட்ட?" என்று கேட்டார் அப்பா.

"ஒண்ணும் இல்லப்பா."

"என்ன?"

"ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்!" என்று சத்தமாகச் சொன்னாள். தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவர் தன்னைத்தான் யாரோ கூப்பிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்.